ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்

உத்திரமேரூரில் நானும் என் கணவரும் போட்டோ ஸ்டூடியோ நடத்தினோம். அவர் மறைந்த பிறகு, அவர் எடுத்த படங்களெல்லாம் கடை சர்வரில் இருந்தன. வாரந்தோறும் சர்வர் முழுவதையும் பேக்கப் எடுத்து, அதே பெட்டிக்குள் இருந்த இரண்டாவது ஹார்டு டிஸ்கில் வைப்பேன்.

"பேக்கப்பும் உள்ளயே கீதுக்கா, வெளிய ஒண்ணு வைங்க" என்றார் கம்ப்யூட்டர் கடை சலீம் பாய். நான் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் இடி விழுந்து இரண்டு டிஸ்க்குமே கருகின. அவரை மறுபடியும் பறிகொடுத்ததுபோல் அழுதேன்.

செய்தி கேட்டு வந்த சலீம் பாய் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நீட்டினார். "ஆடியில சர்வீஸ் பண்ணசொல்ல மொத்தத்தையும் இதுல காப்பி எடுத்தேன்க்கா. அழிக்க மறந்துட்டேன்."

புது சர்வரில் ஏற்றினோம். கடைசி மூன்று மாதப் படங்கள் போனது போனதுதான். ஆனால் ஏரி நிரம்பிய வருடம், உபரி நீர் வழியும் கலங்கல் அருகே என்னை நிறுத்தி, "கண்ண மூடாத" என்று அவர் திரும்பத் திரும்ப எடுத்த படங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருக்கிறேன்.

இப்போது இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் மாற்றி மாற்றி பேக்கப் எடுக்கிறேன். ஒன்று எப்போதும் காவாந்தண்டலத்தில் தங்கை வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை திறந்து சரிபார்க்கிறேன். அதற்கு ஒரு படம் திறந்தாலே போதும். நான் ஒன்றோடு நிறுத்துவதில்லை.