ஒரு லிட்டரும் எதிர்வீட்டுக் காபியும்

2025 ஜூலை 9, புதன்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எதிர்வீட்டிலிருந்து காபி மணமும் என் மனைவியின் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இரண்டு மாதம் முன்பு என் இதயத்தைச் சோதித்த டாக்டர், "லிக்விட் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான்" என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் லிக்விட் என்றால் திரவம். பாங்கில் வேலை பார்த்தபோது கையில் புரளும் ரொக்கம். இப்போது ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாமே லிக்விட். காலையில் மனைவி ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைப்பாள். நான் எதைக் குடித்தாலும் அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவாள். தயிருக்காக வாதாடிப் பார்த்தேன்.

"கட்டித் தயிர் எப்படிடீ லிக்விட் ஆகும்?"

"சாய்ச்சா ஓடறதோன்னோ? அப்போ லிக்விட்தான்னா."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரரைத்தான் பொறுக்க முடியவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆனால் எனக்கிருக்கும் கால் வீக்கம் அவருக்குக் கிடையாது. தினமும் நான்கு மணிக்கு வந்து, "மாமி, உங்க கைக் காபியே தனி" என்றபடி இரண்டு டம்ளர் குடிப்பார். முந்நூறு மில்லி! அவள் ஊர்க்கதை எல்லாம் அவரிடம் பேசுவாள். என்னிடம் மில்லிக் கணக்கு மட்டும்.

திங்கட்கிழமை அவரை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இந்த ஆத்துல காபியே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. சமையலறையில் இருந்தவள் காதிலும் அது விழுந்தது.

புதன்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டு எதிர்வீட்டுக் கதவைத் தள்ளினேன். எங்கள் ஃபில்டர் அவருடைய மேஜைமேல் இருந்தது.

"நம்மாத்துலதான் கூடாதாமே" என்றாள் அவள்.

"வாரும் ஓய், உமக்கும் ஒரு வாய் ஊத்தச் சொல்லட்டுமா?" என்றார் அவர்.

"அவருக்கு இன்னும் இருநூறு மில்லி பாக்கி இருக்கு." பாட்டில் பக்கத்தில் இல்லாமலே சொன்னாள். அரை டம்ளர் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து குடித்ததுதான் உறுத்தியது.

"ஃபில்டரை எடுத்துண்டு வா."

"அதை அவருக்கே குடுத்துட்டேன்னா. பாவம், தனியா இருக்கார்."

மறுநாள் மழையில் மார்க்கெட்டுக்குப் போனேன். புது ஃபில்டர் 640, அரைக் கிலோ காபித்தூள் 450, போக வர டாக்சி 62. நான்கு மணிக் காபி எங்கள் வீட்டுக்குத் திரும்பியது, கூடவே அவரும். மொத்தம் ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.