தப்பாக எண்ணியவர் என்று பெயர் வாங்கியவர்

மதராஸ் மாநிலம் என்ற பெயர் போய்த் தமிழ்நாடு என்று ஆன வருஷம் அது. தை மாதம் பெயர் மாறியது. ஆடி மாதம், நிலாவில் மனுஷன் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில், சித்திரை வெயிலில், அடையாறில் ஓர் ஆராய்ச்சி ஆபீசில் எனக்கு ஜீப் ஓட்டும் வேலை கிடைத்தது. முதல் நாள் என் ஜீப்பில் ஏறியவர் டாக்டர் சவரிமுத்து.

அவர் போய்விட்டார் என்ற செய்தி போன மாதம் ஒரு காலையில் சைதாப்பேட்டைக்கு வந்தது. சாந்தோமிலிருந்து அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "கன்னியப்பண்ணே, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள்.  போட்டிருந்த சட்டையோடு சாந்தோமுக்குப் பஸ் ஏறினேன்.

கல்லறைத் தோட்டத்தில் பழைய ஆபீஸ்காரர் ஒருவர் நாலு வார்த்தை பேசினார். "சவரிமுத்து தங்கமான மனுஷர். எண்ணிக்கையில்தான் கொஞ்சம் பிசகுவார்" என்றார். அந்தத் துக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சிரிப்பு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சாரோடு வேலை செய்தவர்கள், அவரிடம் படித்தவர்கள், முக்கியமாக அவர் மகள், இதைக் கேட்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் கேட்டேன்: "நீங்க இன்னா டாக்டர் சார்? ஊசி போடறவரா?"

"இல்லப்பா. மெஷினுக்கு நாடி பாக்கறவன்."

சிரித்துவிட்டு விளக்கமாகவும் சொன்னார். நாட்டுக்கு எந்த மெஷின் வேண்டும், எதை வெளியூரிலிருந்து வாங்குவது, எதை இங்கேயே செய்வது, அதற்கு அரசாங்கம் என்ன உத்தரவு போட வேண்டும், அந்த உத்தரவால் யாருக்குச் சோறு கிடைக்கும், யாருக்குப் போகும் என்று ஆராய்ந்து மேலே எழுதுவதுதான் அந்த ஆபீசின் வேலை. அவர் அப்பா சாந்தோமில் பள்ளிக்கூட வாத்தியார். இவர் இன்ஜினீயருக்குப் படித்து, கப்பலேறிப் போய், இந்த ஆராய்ச்சியைக் கற்று வந்தவர். அப்போது நம் ஊரில் இப்படி ஒரு படிப்பு உண்டென்றே பலருக்குத் தெரியாது.

மற்றவர்கள் கேள்விகளை அச்சடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பதில் வந்ததும் கூட்டிக் கழித்து எழுதிவிடுவார்கள். சார் அப்படிச் செய்யமாட்டார். "நான் கண்ணால பாக்காததை என் பேனா எழுதாது கன்னியப்பா" என்பார். ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்குவோம். வாசலில் ஜீப்பை நிறுத்துவேன். அவர் உள்ளே போய், எத்தனை லேத்து, எத்தனை ஆள், என்ன சாமான் செய்கிறார்கள் என்று தானே பார்த்து எழுதிக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெருமைப்பட வேண்டிய உழைப்புத்தான்.

அப்படிப் பார்த்ததில் அவருக்கு ஓர் ஆச்சரியம் தட்டியது. எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒன்பது ஆள், எட்டு ஆள். பத்தைத் தொட்ட பட்டறையே இல்லை. வேலை நிறைய வருகிறது, ஆனால் பட்டறை வளரவில்லை. ஏன் என்று பல மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். முதலாளிகளுக்குப் பெரிதாக வளரும் துணிச்சல் இல்லை என்று முடிவுக்கு வந்தார். இந்தச் சின்னப் பட்டறைகளுக்கு ஒதுக்கும் இரும்பைப் பெரிய ஆலைகளுக்குக் கொடுத்தால் நாடு முன்னேறும் என்று அறிக்கை எழுதினார். அந்தக் காலத்தில் இரும்பு கடையில் போய் வாங்குகிற சரக்கில்லை. அரசாங்கம் ஒதுக்கினால்தான் உண்டு. டெல்லியில் அந்த அறிக்கையைக் கொண்டாடினார்கள். ஆபீசுக்கு அடுத்த டைரக்டர் சவரிமுத்துதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஹெட் கிளார்க் ராமசேஷன் அவருக்கு அப்போதே எழுந்து நின்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

அறிக்கை அச்சாகிவிட்டது, உத்தரவு இன்னும் வரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு நாள், ஆறுமுகம் பட்டறைக்கு ஒரு பிரதி கொடுத்து வரலாம் என்றார் சார். ஆறுமுகம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். போகும்போதெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்து உபசரித்தவர். கிண்டியில் ஜீப்பின் கிளட்ச் ஒயர் அறுந்துபோனது. "நடந்தே போகலாம் வா" என்றார். நடந்து போனோம்.

பட்டறை வாசலில் நின்றதும் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு லேத்திலும் ஆள், தரையில் உட்கார்ந்து அரம் போடுகிறவர்கள், மூலையில் சாமான் துடைக்கிறவர்கள். ஆறுமுகம் நிமிர்ந்து சாரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏல, போங்கல! எல்லாரும் போங்கல!" என்று கத்தினார்.

பழகின வேலைபோல அத்தனை பேரும் பின்வாசல் வழியாக ஓடினார்கள். ஒருவன் மட்டும் சன்னல் வழியே குதிக்கப் பார்த்து, லுங்கி கம்பியில் மாட்டித் தொங்கினான். நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். திரும்பினான். என் சொந்தத் தம்பி.

"அண்ணாத்தே, நீ இன்னா இங்க?"

"நீ இன்னாடா இங்க? சிந்தாதிரிப்பேட்டைல மாமனார் வூட்டாண்ட வேலைன்னு சொல்லிக்கினு இருந்த?"

"அது போயி ரொம்ப நாளாவுது. மொதல்ல கம்பிய எடு, லுங்கி கிழியுது."

சார் சிரிக்கவில்லை. தம்பி இறங்கி நின்றதும், "நான் முன்னே வந்தப்போல்லாம் நீ எங்கேப்பா இருந்தே?" என்று கேட்டார்.

"டீக்கடைல சார். நீங்க வந்தா எங்களுக்கு டீ, பொறை எல்லாம் மொதலாளி கணக்கு. ஜீப்பு அடிக்கடி வந்தா நல்லாருக்கும்னு பேசிக்குவோம்."

ஆறுமுகம் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். மோட்டார் ஓடுத பட்டறையில பத்து ஆளுன்னா ஃபாக்டரி சட்டம் வந்துரும். இன்ஸ்பெக்டர் வருவான், அபராதம் போடுவான், பூட்டிட்டுப் போவான். ஜீப்புல வாரவுக எல்லாம் எங்களுக்கு இன்ஸ்பெக்டருதான் சார். உங்க ஜீப்பு தெரு முனை திரும்பினாலே ஒரு பட்டறைக்காரன் அடுத்த பட்டறைக்குச் சொல்லிருவான்."

"எல்லாப் பட்டறையிலுமா?"

"எல்லாத்துலயும்தான் சார்."

சார் அங்கிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டையில் கிரீஸ் ஒட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. கொடுக்க வந்த அறிக்கையைக் கொடுக்காமலே எழுந்து வந்தார்.

திரும்பி நடந்து வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: "அறிக்கையை அப்படியே விட்டா இரும்பு நின்னுடும். பட்டறை எல்லாம் செத்துடும். விஷயத்தைச் சொல்லித் திருத்தினா நாளைக்கே இன்ஸ்பெக்டர் வருவான். சட்டம் தொழிலாளியைக் காப்பாத்தப் போட்டதுதான், ஆனா முதலாளி மறுநாளே பத்தாவது ஆளை வெளியே அனுப்பிடுவான். உன் தம்பி தெருவுல நிப்பான்."

"அப்ப இன்னா சார் பண்றது?"

கொடுக்காத அறிக்கையை ஜீப்பின் சீட்டில் போட்டுவிட்டு, கிளட்ச் ஒயர் வாங்கக் கிளம்பினார். 

சில நாளில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தார்கள். கூட்டம் ஹாலில் நடந்தது. நான் வராந்தாவில் நின்றேன். பேச்செல்லாம் இங்கிலீஷ். சார் எழுந்து கொஞ்ச நேரம்தான் பேசினார். பிறகு ஒவ்வொருவராக ஏதோ கேட்டார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் ஒருவர் ஏதோ சொல்ல, ஹாலே சிரித்தது. சார் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று ராமசேஷன் வெளியே வந்து சொன்னார்.

"அறிக்கையை வாபஸ் வாங்கிண்டுட்டார்ப்பா. ஆளைத் தப்பா எண்ணிட்டாராம். எப்படித் தப்பாச்சுன்னு கேட்டா, 'தப்பாயிடுத்து'ங்கறார். கையில பத்து விரல் இருக்கோல்லியோ, அதையாவது மடக்கி எண்ணிண்டிருக்கப்படாதோ?"

அன்றிலிருந்து ஆபீசில் அவருக்குக் 'கைவிரல் டாக்டர்' என்று பெயர். டைரக்டர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. டெல்லி அழைப்பு நின்றது. வெளிநாட்டுக்கு அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் போனார்கள். இவர் அதே ஓரத்து அறையில் ரிடையர் ஆகும்வரை இருந்தார். பட்டறைகளுக்கு இரும்பு வந்தது. என் தம்பிக்கு வாரா வாரம் கூலி வந்தது. அந்தக் கூலியில்தான் எங்கள் தங்கை கல்யாணம் நடந்தது. சாரும் அவர் மனைவி பிலோமினா டீச்சரும் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி இலைக்கு இலை பரிமாறிக்கொண்டு வந்தவன், அவர் இலைக்கு முன்னால் வந்ததும் வாளியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவர் வேலையை விடவில்லை. ஆனால் முறையை மாற்றிக்கொண்டார். ஜீப்பைத் தொலைவில் நிறுத்தச் சொல்வார். டீக்கடையில் போய் உட்காருவார். கையில் காகிதம் இருக்காது. யாராவது தானாகப் பேச வந்தால் பேசுவார், வராவிட்டால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார். புதிதாகச் சேரும் ஆராய்ச்சிப் பையன்களிடம், "நீ உள்ளே நுழையறதுக்கு முன்னால அந்த இடம் எப்படி இருந்தது? அதை எழுதிக் கொண்டா" என்பார். அவர்கள் வெளியே வந்து கண்ணடித்துக்கொள்வார்கள். அவர்களில் பலர் பின்னால் பெரிய பெரிய கமிட்டிகளில் உட்கார்ந்தார்கள்.

இதைவிட எனக்குக் கூச்சமான விஷயம் ஒன்று உண்டு. காப்பாற்றப்பட்ட பட்டறைக்காரர்கள் அவரைக் கண்டால் தெரு மாறினார்கள். மவுண்ட் ரோட்டில் மேம்பாலம் வந்துவிட்ட காலம். தியாகராய நகரில் சாரும் நானும் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஆறுமுகம் குடும்பத்தோடு வந்தார். அப்போது அவருக்கு அந்தப் பக்கத்திலேயே சொந்த வீடு. சாரைப் பார்த்ததும் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரவா சார்?"

"விடுப்பா. அவருக்கு என்னைப் பாத்தா வெக்கம். எனக்கும் அவரைப் பாத்தா வெக்கம்தான். ரெண்டு பேரும் ஒரே கடையில நிக்க முடியாது."

"உங்களுக்கு இன்னா சார் வெக்கம்? நல்லதுதான பண்ணீங்க?"

"நான் தியாகம் பண்ணினேன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. நான் உண்மையாவே தப்பாத்தான் எண்ணினேன் கன்னியப்பா. அதை வச்சு இத்தனை குடும்பத்து வாயில மண்ணைப் போடவும் எழுதினேன். அன்னிக்கு ஜீப் ஒயர் அறுந்திருக்காட்டி?"

ஜவுளிக்கடையைத் தாண்டி நடந்தோம்.

டீச்சரும் ஒரு தடவை என்னைக் கேட்டுவிட்டார். ஒரு நாள் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய் இறக்கியபோது, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"கன்னியப்பா, நீ கூடவே போனவன். இவர் நெசமாவே தப்பா எண்ணிட்டாரா? எங்க அண்ணன் வீட்ல எல்லாரும் கேலி பண்றாங்க. எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறார்."

யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். நான் காப்பியைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இன்னாமா தெரியும், ஜீப்பாண்டயே நின்னவன்" என்றேன். டீச்சர் உள்ளே போனார். அதற்கப்புறம் கேட்கவில்லை. டீச்சர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தன் புருஷன் எண்ணத் தெரியாதவர் என்ற எண்ணத்தோடுதான் போயிருப்பார். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சாரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இந்தக் கூச்சம்தான். யாரையாவது 'அவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று நாலு பேர் சேர்ந்து சிரித்தால், நான் எழுந்து போய்விடுகிறேன். அந்த ஆள் யாருக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறானோ, எனக்கென்ன தெரியும்?

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் தம்பி வந்தான். அங்கே பேசியதைச் சொன்னேன். இதையெல்லாம் எழுதச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். 

"சொல்றதுன்னா முழுசா சொல்லு அண்ணாத்தே. யாரோ ஒருத்தன்னு சொல்லாத. எம்பேரைப் போடு."

"வேணாம்டா. பேரப் பசங்க படிப்பாங்க."

"படிக்கட்டும். தன் பேரைக் கெடுத்துக்கினு நம்ம பேரை மறைச்சாரு மனுஷன். இன்னும் எவ்ளோ நாளு ஒளிஞ்சிக்கினு கெடக்கறது?"

ஆறுமுகம் போய்விட்டார். பின்வாசல் வழியாக ஓடிய துளசி, காசிம் பாய், பெரிய மணி, பல்லாவரத்து ஜோசப், எல்லாரும் போய்விட்டார்கள். அந்தப் பட்டறையில் இருந்தும் எண்ணிக்கையில் வராமல் போனவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் ஒருவன்தான்: சைதாப்பேட்டை லேத்துக்காரன் ஏழுமலை, என் தம்பி.