சாம்பிள் மேசையில் எழுத்தாளர் இன்பராஜ்

எங்கள் குடும்ப மலர் கிறிஸ்துமஸுக்கு அச்சேறுகிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரும் தொழிலும் வர வேண்டும். இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும். தொகுப்பாளனாக நான் வகுத்த இந்த விதி, என் சித்தி மகன் இன்பராஜிடம் வந்து இடறியது.

இன்பராஜ் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் சாம்பிள் ஷூக்களைப் படமெடுப்பவன். நாவலாசிரியனாவது அவன் தீர்மானம். நாவல் இன்னும் தொடங்கவில்லை. அதன் பின்னட்டைக்குரிய படம் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தயாராகிவிட்டது.

"பேர் வந்தப்புறம் எடுத்தா மூஞ்சில கர்வம் வந்துடும்ணா," என்றான்.

ஷூ வைக்கும் வெள்ளை மேசையில் தானே ஏறி உட்கார்ந்து, டைமர் வைத்து எடுத்த படம் அது. சாம்பிள் ஷூவை இடப்பக்கம் தெரிய, முனையைச் சற்றே திருப்பி வைப்பது வழக்கம். அவனும் அப்படியே, மோவாயில் கை ஊன்றி அமர்ந்திருந்தான். முழங்காலருகே ஷூவுக்கு வைத்த அட்டை ஒன்று எடுக்கப்படாமல் கிடந்தது: 'சாம்பிள் – அப்ரூவல் பெண்டிங்'.

"கீழ 'எழுத்தாளர் இன்பராஜ், புகழ் பெறுவதற்கு முன்'னு போடுணா. அட்டைய மட்டும் வெட்டிடு."

"படத்தை வெட்டுற வழக்கம் எனக்கில்ல. எழுத்தாளர்ங்கறதுக்கு ஆதாரம் இன்னா?"

நர்ஸ் வேலை முடித்து அப்போதுதான் வந்த அவன் மனைவி கிருபா, "நாவல் எங்கன்னு கேட்டா அந்த போட்டோவத்தான் காட்டுறாரு, மாமா," என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. உள்ளே போய் ஷூ டப்பாவில் போடும் சீட்டு ஒன்றை எடுத்து வந்தான். கம்பெனிக்காக அவன் எழுதியதாம்: 'நனைந்த ஷூவை வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே பழைய காகிதம் திணித்து நிழலில் விடுங்கள். தோல் அவசரத்தைப் பொறுக்காது.'

இருமுறை படித்தேன். நீக்க ஒரு சொல் இல்லை.

"இத யாருணா எழுத்துன்னு சொல்லுவா? கம்பெனி வேலை இது," என்றான்.

"அச்சுல வந்திருக்கே. போதும்."

அவன் கேட்டபடியே குறிப்பைச் சேர்த்தேன். 'எழுத்தாளர்' என்பதற்குச் சீட்டு சாட்சி. 'புகழ் பெறுவதற்கு முன்' என்பதற்கு ஆம்பூரே சாட்சி. அட்டை வெட்டப்படவில்லை.

அச்சுப்படியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த மலர்ல இந்த 'முன்'ன எடுத்துடலாம்ல?"

"ஆதாரம் கொண்டு வாடா," என்றேன்.