கேட்காத காது

"என் கூண்டுக்குள்ள வந்து செவிடுன்னு நடிச்சுத் தப்பிச்சவன் ஒருத்தனும் இல்ல. என் வாயிலிருந்து பொய்னு ஒண்ணு வந்ததும் இல்ல!"

காது பரிசோதனை நிலையத்தின் டீ வேளையில் இப்படி முழங்கியவருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, உடன் வேலை செய்கிறவர்கள் பொறுக்கமாட்டாமல் வைத்தது. மனைவி, "நான் குண்டாயிட்டேனா?" என்று கேட்டபோதும் அவர் உண்மையையே உரைத்தார். சில நாள் ஓட்டலில் சாப்பிட நேர்ந்தது. கொள்கையில் மாற்றமில்லை.

கூண்டு என்றது சத்தம் புகாத சிறிய அறையை. வந்தவர் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஹெட்போனில் ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். நஷ்டஈட்டுக்காகச் செவிட்டு வேஷம் கட்டும் ஆசாமிகளுக்குத் தராசு தனி வைத்தியம் வைத்திருந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்று, "அடடா, செருப்பு வார் அறுந்திருக்கே" என்று முணுமுணுப்பார். வேஷக்காரர் குனிந்து பார்ப்பார். குட்டு உடைந்துவிடும்.

அன்று ஒரு மகன் தன் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தான். இழுத்துக்கொண்டு என்பது பேச்சுக்காகச் சொன்னதல்ல. வரவேற்பு மேசைப் பெண் பெரியவரிடம் பெயர் கேட்டாள், மகன் சொன்னான். வயது கேட்டாள்; மகன் சொன்னான். "தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்றாள்.

"அவருக்கு வேணாம்," என்றான் மகன்.

பெரியவரின் கண் மட்டும் தண்ணீர்க் கூஜாவை விட்டு நகரவில்லை.

"பஸ் டிரைவரா இருந்தவரு சார். இப்ப இடி விழுந்தாலும் கேக்கலங்கறாரு. நெஜமா, நடிப்பான்னு தெரிஞ்சாகணும். நடிப்புன்னா வீட்டுக்குப் போய் நான் பாத்துக்கறேன்."

"சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க," என்று தராசு நெஞ்சை நிமிர்த்தினார்.

கூண்டுக்குள் எந்த ஒலிக்கும் பெரியவர் பொத்தானை அழுத்தவில்லை. தராசு ஏக உற்சாகமாக உள்ளே போய், ஹெட்போனைக் கழற்றி, பின்னால் நின்று முணுமுணுத்தார். பெரியவர் குனிந்து பார்த்தார்.

வெற்றிதான். ஆனால் வார் உண்மையிலேயே அறுந்திருந்தது. சணல் போட்டுக் கட்டியிருந்தது. கால் நகங்கள் வளர்ந்து வளைந்து சதைக்குள் ஏறியிருந்தன. 'அடப்பாவமே' என்று அவர் தோளைத் தொடத் தராசு கையைத் தூக்கினார். பெரியவர் சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தொளதொளத்த சட்டைக்கை சரிந்தது. மேல்கையில் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது.

தராசு கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"மாட்டிக்கிட்டேன்ல?" என்றார் பெரியவர், மிக மெல்லிய குரலில். "சொல்லிடாதீங்க தம்பி. காது கேட்டா அவன் திட்டுறதுக்குப் பதில் சொல்லணும். பதில் சொன்னா கை நீளுது. செவிடுன்னா ஏச்சோட போயிடும்."

"சாப்பாடு?"

"நெனப்பு வந்தா வைப்பான். வெளிய போனா என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிடுவான். அதுவும் ஒரு நிம்மதிதான்." பிறகு, சற்றுப் பெருமையாக, "எத்தனை வருஷம் ஹாரன் அடிச்சும் காது கெடலியே, பாத்தீங்களா!" என்று சிரித்தார்.

இத்தனை வேஷக்காரர்களைப் பிடித்த மகானுக்கு, ஒருவர் எதற்கு வேஷம் கட்டுகிறார் என்று கேட்க ஒருநாளும் தோன்றியதில்லை.

"உங்களுக்குன்னு யாராவது இருக்காங்களா ஐயா?"

"தங்கச்சி இருக்கா. பேச விடமாட்டான். நம்பர் மட்டும் மனப்பாடம்."

தராசு அந்த நம்பரைக் கேட்டு அழைத்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே இருந்த மகனுக்குத் தெரிந்தது அப்பாவின் முதுகு, கேட்டது ஒன்றுமில்லை. கூண்டைக் கட்டிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

"அண்ணே, அங்கேயே உக்காந்திரு!" தங்கையின் குரலில் அழுகையும் அதட்டலும் கலந்திருந்தன. "இந்தா, கிளம்பிட்டேன். அந்தப் பய கூட மட்டும் போயிடாதே!"

"முதியோர் உதவி மையத்துக்கும் சொல்லட்டுமா ஐயா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

பெரியவர் செருப்பிலிருந்த சணலைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அங்கேயும் பேசிவிட்டுத் தராசு வெளியே வந்தபோது மகன் எழுந்து நின்றான். "என்ன சார், நடிப்புதானே?"

தராசு அவன் கண்ணைப் பார்த்தார்.

"சுத்தமா கேக்கல. ரெண்டு காதும் போச்சு. இன்னும் டெஸ்ட் பாக்கி இருக்கு, சாயங்காலம் வரைக்கும் ஆகும். நீங்க போயிட்டு வாங்க."

மகன் விட்டால் போதுமென்று கிளம்பினான். வரவேற்புப் பெண் வாயைப் பிளந்தாள். அங்கே சாயங்காலம் வரை நீளும் டெஸ்ட் எதுவும் கிடையாது. தராசு அவள் பக்கமே திரும்பாமல் ஒரு தம்ளரைத் தேடி எடுத்து, கூஜாவிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டு கூண்டுக்குப் போனார்.