இட்லி மாவும் பாதரசமும்

என் கணவர் பூமியைக் காப்பாற்றத் தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அதற்கு முதல் நாள் வரை அவர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பகல் வேலை, வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணீர், ரேடியோச் செய்தி, நித்திரை. வேலையில் உயரலாம் என்று யாரோ சொல்ல, மாலை வகுப்பு ஒன்றுக்குப் பெயர் பதியப் போனார். அவர் கேட்ட கணினி வகுப்பில் இடமில்லையாம். சுற்றுச்சூழல் வகுப்பில் வேண்டிய அளவு இடம் இருந்ததாம். சனியன் எங்கள் வீட்டுக்கு எப்போதும் இப்படித்தான், காலியாகக் கிடக்கிற வழியாக வருவான்.

முதலில் கடைப் பைகளில் தொடங்கினார். பிறகு நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று குழாயைப் பூட்டினார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதாகப் பல்புக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை வீட்டிலிருந்த குண்டு பல்புகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புதுப் பல்புகளைப் பூட்டினார். கொழுத்த வெள்ளைக் கழுத்து, அதன்மேல் ஆட்டுக்குடலை மடித்து வைத்ததுபோலக் கண்ணாடிக் குழாய்கள். சுவிட்சைப் போட்டால் உடனே எரிந்துவிடாது. இரண்டு தரம் கண் சிமிட்டும், ஒரு முனகல் முனகும், பிறகு நோய்க்காரன் எழும்புவதுபோல மெல்ல எழும்பும். குசினிக்குள் போய், தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வெளியே வருகிறபோதுதான் முழு வெளிச்சம் வரும்.

இதில் பெரிய வேடிக்கை, எங்கள் வாடகைக்குள்ளேயே மின்சாரமும் அடக்கம். இருட்டுக்குள் தடவித் திரிகிறது நாங்கள், லாபம் கட்டடக்காரனுக்கு. அதைச் சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும்.

"காசுக்காகவே செய்யிறன்? குண்டு பல்ப் தின்னிற கரண்டிலை பெரும்பங்கு சூடாய் வீணாப் போகுது. தெரியுமே உமக்கு?"

"வெளியிலை பனி கொட்டுது. இந்த ஊரிலை சூடு எப்பிடியப்பா வீணாப் போகும்?"

"அது வேறை விசயம்."

பதில் இல்லாத கேள்வி எல்லாம் அவருக்கு வேறை விசயம்.

அடுத்த கிழமை வகுப்பில், அந்தப் புதுப் பல்புக்குள் பாதரசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் முகம் வாடி வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு நாளைக்குப் பிறகுதான் தெளிந்தார். நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும்போதும் புகையோடு பாதரசம் வருகிறதாம். பல்ப் மின்சாரத்தைக் குறைத்தால் அந்தப் புகையும் குறையுமாம். ஆகக் கூட்டிக் கழித்தால் பூமிக்கு நன்மைதானாம்.

"அப்ப பல்ப் உடைஞ்சால்?" என்று கேட்டேன்.

"உடையாட்டில் ஒண்டுமில்லை."

"பழுதாய்ப் போனால் எங்கை எறியிறது?"

"குப்பையிலை போடப்படாது. நஞ்சுச் சாமான் எடுக்கிற இடத்திலை கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

"அது எங்கை கிடக்கு?"

அதுவும் வேறை விசயமாகப் போய்விட்டது.

இந்தப் படையெடுப்பில் தப்பியது ஒரே ஒரு குண்டு பல்ப். அது சாமிக் குளோசெற்றில் இருந்தது. இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்டில் பிள்ளையாருக்கு எங்கே தனி அறை கொடுப்பது? நடைவழியில் துணி அடுக்கிவைக்கக் கட்டியிருந்த, கதவு போட்ட அலமாரியைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தோம். எண்ணெய் விளக்கு ஏற்றினால் புகை மணி அலறும், கட்டடமே இறங்கிப் போய்ப் பனிக்குள் நிற்கும். அதனால் குளோசெற்றின் கூரையில் இருந்த நூறு வாட் பல்ப்தான் சுவாமிக்கு விளக்கு. இரவு பகலாக எரியும். கதவைச் சாத்தினால் உள்ளே சித்திரை வெயில். அந்த வெயிலை வீணாக்குவானேன் என்று தோசை மாவுக்கும் இட்லி மாவுக்கும் அங்கேயே இடம் பிடித்தேன். மற்ற வீடுகளில் அடுப்போடு சேர்ந்த அவணின் உள்விளக்கைப் போட்டு மாவை அதற்குள் வைப்பார்கள். எங்கள் அவணுக்குள் விளக்கு எரிந்ததே இல்லை. சூடு மேலேதான் நிற்கும் என்பதால் மாப் பானை மேல் தட்டில், பிள்ளையார் நடுத் தட்டில். என் மாமி, இவருடைய அம்மா, கண்டிருந்தால் வீட்டை விட்டுக் கலைத்திருப்பார். பிள்ளையார் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. மாசி மாதத்துக் குளிரிலும் விடிய மா பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

அந்த மாசி மாதத்தில்தான் என் தங்கைக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. கூடி வந்தது என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அவளே தேடிக்கொண்டாள். எங்களோடுதான் இருந்தாள். அவள் வேலை செய்த இடத்தில் கணினிப் பகுதியில் ஒரு பெடியன், சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவன். நல்ல பிள்ளை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் அவனைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்பா சரி என்றுவிட்டாராம். அம்மா மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பொண்ணு வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. போதாக்குறைக்கு, சிலோன்காரருக்கு இட்லி சரியாக வராது என்று அம்மா சொல்வார் என அந்தப் பெடியன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இட்லி மட்டும் பூப்போலை வந்திட்டால் காணும். அந்த அன்ரி ஓமெண்டு சொல்லிடுவா. அவ மாட்டனெண்டால் அவர் அம்மாவை மீறமாட்டார். நானும் மீறச் சொல்லமாட்டன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. எங்கள் சாதிசனத்தின் மானமும் என் தங்கையின் வாழ்க்கையும் இப்போது ஒரு பானை மாவுக்குள் இருந்தன. சனிக்கிழமை உழுந்தை நுரைக்க நுரைக்க அரைத்தேன். பானையை மேல் தட்டில் வைத்து, பிள்ளையாரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஞாயிறு விடியக் குளோசெற்றைத் திறந்தால் உள்ளே நீலம் பாரித்த வெளிச்சம். சவவீட்டு வெளிச்சம். பிள்ளையாருக்கே காய்ச்சல் கண்டதுபோல இருந்தது. பானையைத் தொட்டேன், சில்லிட்டது. மூடியைத் தூக்கினேன். கரைத்து வைத்த மா கரைத்தபடியே, ஒரு குமிழியும் இல்லாமல் செத்துக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ!" என்று நான் வைத்த சத்தத்தில் மனிதர் பல் துலக்கும் தூரிகையோடு ஓடி வந்தார்.

"சாமி பல்பை ஆர் மாத்தினது?"

"நான்தான், படுக்கப் போகேக்கை. இரவு பகலா நூறு வாட் எரியிறது எவ்வளவு அநியாயம்! பிள்ளையாரும் இந்தப் பூமியிலைதானே இருக்கிறார்?"

"விசரே உங்களுக்கு? மா பொங்கேல்லை! இன்னும் கொஞ்ச நேரத்திலை அவை வந்திடுவினம்!"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மா பொங்குவதற்கும் பல்புக்கும் உறவு இருக்கிறதென்று அந்த வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். பழைய பல்பைத் திரும்பப் போட்டால் அரை குறையாகவாவது பொங்கும் என்று ஒரு நப்பாசை எனக்கு. சுவிட்சை அணைத்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, அந்தக் கோதாரி பிடித்த பல்பைக் குழாயில் பிடித்து முறுக்கினேன்.

"குழாயிலை பிடியாதையும்! கழுத்திலை பிடியும், கழுத்திலை!"

"உங்கடை கழுத்தைத்தான் இப்ப பிடிக்கவேணும்!"

சொல்லி வாய் மூடவில்லை, கையில் நொறுங்கியது. மூடி திறந்து கிடந்த பானைக்குள், நுரைக்க அரைத்த உழுந்து மாவுக்குள், கண்ணாடியும் வெள்ளைத் தூளும் பொலபொலவென்று விழுந்தன. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அந்தத் தாழியை நான் என் கண்ணால் கண்டேன்.

"பாதரசம்!" என்று கத்தினார் என் கணவர். "ஒருத்தரும் மூச்சு விடாதேங்கோ! ஹோலுக்குப் போங்கோ! ஜன்னல் எல்லாம் திறவுங்கோ!"

வெளியே குளிர் பல்லைக் கிட்டவைக்கிற குளிர். ஜன்னல், பல்கணிக் கதவு எல்லாவற்றையும் அகலத் திறந்தார். எனக்கும் தங்கைக்கும் கோட்டைத் தூக்கி எறிந்தார். தும்புத்தடியை எடுக்கப் போன என்னைத் தடுத்தார், வக்யூமையும் தொடவிடவில்லை. கூட்டினால் பரவுமாம். "நீங்கள் ரெண்டு பேரும் கிட்ட வராதேங்கோ, நான் செய்யிறன்" என்று முழங்காலில் நின்று, ஒட்டும் ரேப்பால் ஒவ்வொரு துணுக்காக ஒற்றி எடுத்தார். பிள்ளையார் குடும்பத்தோடு சோபாவுக்கு இடம் மாறினார். நானும் ஒரு தொழிற்சாலையில்தான் வேலை செய்தேன், அதன் கூரை முழுக்க ரியூப் லைற். அதற்குள்ளும் இதே பாதரசம்தான் என்று இவரே சொல்லியிருந்தார். அங்கே ஒருநாளும் ஒருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

"மேலாலை அள்ளி எறிஞ்சுபோட்டு அவிச்சால் என்ன?" என்றேன், ஆற்றாமையில். "சித்த வைத்தியத்திலை பாதரசத்தை மருந்தாய்க் குடுக்கிறவை."

தங்கை விம்மினாள். "அக்கா, கலியாணத்துக்கு முதலே மாமியாருக்கு நஞ்சு வைக்கப் போறியோ?"

என் கணவர் பானையை மூடி, பைக்குமேல் பையாகச் சுற்றி, பல்கணியில் வைத்தார். குப்பையில் போடக் கூடாதே! அந்த நேரம் பார்த்துக் கதவில் மணி அடித்தது.

பெடியன் முன்னால் நின்றான். பின்னால் குரங்குத் தொப்பி போட்ட அப்பா, பட்டுச் சேலைக்குமேல் மகனின் கோட்டைப் போட்ட அம்மா. உள்ளே வந்து கோட்டைக் கழற்றப் போன அம்மாவை நான் அவசரமாகத் தடுத்தேன்.

"கழட்டாதேங்கோ அன்ரி. குளிரும்."

அம்மா சுற்றிப் பார்த்தார். திறந்து கிடந்த ஜன்னல்கள், கோட்டோடு அழுத முகமாக நின்ற பெண், சோபாவில் பிள்ளையார், நடைவழியில் முழங்காலில் மாப்பிள்ளையின் வருங்காலச் சகலன். "ஏம்மா, உங்க வீட்ல ஹீட்டர் ரிப்பேரா?" என்றார்.

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கட்டினால் அதற்கும் வழியில்லை. என் கணவர் எழுந்து கைகூப்பி, குண்டு பல்பில் தொடங்கி, நிலக்கரி வழியாக வந்து, இட்லி மாவில் பாதரசம் விழுந்தது வரை ஒன்றையும் மறைக்காமல் ஒப்புவித்தார். தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அப்பாவின் முகம்தான் முதலில் மலர்ந்தது. அவர் அனல் மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவராம். "நிலக்கரின்னதும் கரெக்டாப் புடிச்சீங்க சார்! சாம்பல் மலை மலையாக் கெடக்கும், யாராவது கவலைப்பட்டாங்களா?" என்று என் கணவருக்கு அருகில் கம்பளத்தில் குந்திக்கொண்டார். "ஆனா சார், இந்தக் குளிர் ஊர்ல பல்ப் குடுக்கிற சூட்டை நிறுத்தினா, அந்தச் சூட்டை ஹீட்டர்தான குடுக்கணும்?" இதையே நான் கேட்டபோது வேறை விசயம். அவர் கேட்டபோது "நல்ல கேள்வி!" பெடியனும் விடவில்லை. பல்பைச் செய்கிற தொழிற்சாலையின் கழிவையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று மூன்றாவது கட்சி தொடங்கி, தானும் குந்தினான். ஆளுக்கொரு துண்டு ரேப்போடு மூன்று ஆம்பிளைகளும் கண்ணாடியை ஒற்றி ஒற்றிப் பூமியைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த காரியம் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

பெண்கள் மூன்று பேரும் குசினிக்குள் ஒதுங்கினோம். அம்மா கைகளை உரசிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் காட்சியைப் பார்த்தார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"இட்லி கெடக்கட்டும்மா. நான் இட்லி திங்க வரல. என் பையன் அவங்கப்பாவை உரிச்சு வச்சிருக்கான். நல்லவன்தான். ஆனா ஒண்ணு புடிச்சா வீடு பத்தி எரிஞ்சாலும் பேசிட்டே இருப்பான். நான் முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். உன்னால முடியுமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை. தங்கை மிரண்டு போனாள். என்னைப் பார்த்தாள். "அக்காவும் இருக்கிறாதானே, அன்ரி" என்றாள்.

அம்மாவும் என்னைப் பார்த்தார்.

என் நாக்கில் அன்று காலை முழுக்கச் சேர்த்து வைத்த வசவெல்லாம் தயாராக நின்றது. நடைவழியைப் பார்த்தேன். எங்களுக்குக் கோட்டை எறிந்த மனிதர் தனக்கு ஒன்றை எடுக்க மறந்துபோயிருந்தார். மெல்லிய சட்டையோடு, விறைத்த விரலால், என் கால் மிதிக்கிற இடத்தில் தடவித் தடவித் துணுக்குத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இந்த விசரரை நான் எவ்வளவு விரும்புகிறேன் என்று நினைக்க இன்னும் ஆத்திரமாக வந்தது.

"குளிரும், அன்ரி," என்றேன். "ஆனா இருக்கலாம்."

அம்மா வாய் விட்டுச் சிரித்தார். ஆம்பிளைகளைத் தாண்டிப் போய், பல்கணிக் கதவை இழுத்துச் சாத்தினார். "இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கவேணும்" என்று என் கணவர் எழும்பினார். "போதும் தம்பி. மொதல்ல ஒரு ஸ்வெட்டரைப் போடுங்க" என்று சொல்லி அவரை அடக்கிவிட்டு, குசினிக்குத் திரும்பி, ஒருவரிடமும் கேட்காமல் எங்கள் அடுப்பைப் பற்றவைத்தார். கோட்டுக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, "ரவை இருக்கா? உப்புமா கிண்டிடலாம்" என்றார்.

தங்கை தட்டுத்தடுமாறி அலமாரியைத் திறந்து ரவைப் பேணியை எடுத்தாள். அதுவரை அன்ரி, அன்ரி என்று நின்றவள், அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்கோ, மாமி."