நெஞ்சில் இல்லாத கசம்

என் கணவர் உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் இளைத்தபோது முதலில் நாங்கள் யாரும் கவலைப்படவில்லை. றமழான் முடிந்து, பெருநாளுக்குப் பிந்திய ஆறு நோன்பும் பிடித்திருந்தார். அந்த வெயிலில் நின்று நோன்பு பிடிப்பவர் இளைக்காமல் என்ன செய்வார் என்று நினைத்தோம். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரமானால் உடம்பு காயும். நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் வியர்த்துக் கொட்டும். நோன்புக் களைப்பு என்பார்.

ஹஜ் மாதம் பிறந்தும் காய்ச்சல் போகவில்லை. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றார். புத்தளத்தில் டாக்டர்மார் பார்க்கும் காலை வேளையில் அவருக்குக் காய்ச்சலே இருக்காது. இருமலும் இல்லை. நெஞ்சுப் படம் சுத்தம், சளியும் சுத்தம், ஆகவே காசநோய் என்கிற கசம் இல்லை என்றார்கள். ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள் தெரிந்தன. புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லாரும் அதையே நினைத்தோம்.

ஊசியால் குத்தி ஈரலில் துண்டு எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெளிவாக இல்லையாம். கிருமி வளருகிறதா என்று பார்க்கக் கொஞ்சம் அனுப்பியிருக்கிறோம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் இன்னொரு தரம் குத்திப் பார்ப்போம் என்றார் டாக்டர். கட்டியைக் குத்தினால் உடம்பெல்லாம் பரவும் என்று யாரோ என் கணவர் காதில் போட்டிருந்தார்கள்.

"போதும் புள்ள. குத்திக் குத்தி என்னத்தக் காணப் போறாங்க? என்னய ஊட்டுக்குக் கூட்டிப் போங்க."

வந்தோம். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து, செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லி மாப்புக் கேட்டுப் போனார்கள். கூட வேலை செய்தவர் ஒருவரிடம், "நான் இன்னம் மௌத்தாகல்ல, இப்பவே எதுக்கு அழுவுறீங்க?" என்று சிரித்தார். நான் யாசீன் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்தார்.

கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருந்தபோது சுகாதார உத்தியோகத்தர் வந்தார். திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். கிருமி வளர்ந்துவிட்டதாம். ஈரலில் இருந்தது கசம். வாசலில் நின்ற என் மகளுக்கு அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"பயப்படாதீங்க. மருந்து குடிச்சாச் சுகமாகுற வருத்தம்தான்."

வீட்டில் உள்ள எல்லாரும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமாம். அவசியத்துக்குப் போகலாம் என்று மௌலவி சொன்னதால் நானும் போனேன். அவர் மௌத்தான பிறகு வாசற்படி தாண்டியது அன்றுதான். அல்லாஹ் எழுதியது நடந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் குளிர்ந்த அந்தப் பலகையில் நெஞ்சை வைத்து மூச்சைப் பிடித்தபோது அழுகை வந்தது. படம் எடுத்த பெண் அசையாமல் நிற்கச் சொன்னாள்.

என் படம் சுத்தம் என்றார்கள். அவருடையதும் சுத்தமாகத்தான் இருந்தது.