நாற்பத்தொரு முறை தானாக மலையேறிய கார்: போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை

மூன்று வருடங்களாக ஒரு பொங்கல் வாழ்த்துகூட அனுப்பாத இளங்கோ, இந்த ஜனவரியில் பொங்கல் முடிந்த அடுத்த வாரம் திடீரென்று போன் செய்தான். டிரைவர் ஓட்டாமல் தானே ஓடும் கார் ஒன்றைச் செய்திருப்பதாகவும், அதில் என்னை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போவதாகவும், அதைப் பற்றி நான் இந்தப் பிளாகில் எழுத வேண்டும் என்றும் சொன்னான். நாங்கள் இருவரும் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பிரேக் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவன் வடிவமைப்பில் இருந்தான், நான் தரச் சோதனையில். பிரேக் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை முதலில் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. பழக்கம் விடவில்லை.

ஆகவே சரி என்று சொன்னபோதே எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. ஊரில் எத்தனையோ பத்திரிகைக்காரர்கள் இருக்க, மலைக்குப் போக பஸ் நேரம் எழுதுகிற நான் எதற்கு?

வியாழக்கிழமை காலை 6.10க்கு வேலூரில் பஸ் ஏறினேன். கணியம்பாடி தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. சந்தவாசலில் படவேட்டுக் கோயிலுக்குப் போகிற கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. (ஜன்னல் சீட் வேண்டுமென்றால் வேலூரிலேயே முன்னால் போய் நில்லுங்கள்.) போளூரில் இறங்கும்போது 7.50. பஸ் நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, மொத்தம் 55 ரூபாய். மலைக்குப் போகிறவர்கள் இங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது.

இளங்கோவின் கம்பெனி, ஊரைத் தாண்டி மலைச் சாலையில் இருக்கிறது. முன்பு அரிசி மூட்டை அடுக்கிய கொட்டகை. உள்ளே நான்கு இன்ஜினியர்கள், எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு வெள்ளைக் கார். பழைய கார்தான். முன்னும் பின்னும் கேமராக்கள், கூரையில் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு கருவி. டிரைவர் சீட்டில் ஏழுமலை என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். பல வருடம் இதே மலையில் பிக்கப் வண்டி ஓட்டியவர். ஆபத்து என்றால் மட்டும் பிரேக்கில் கால் வைப்பது அவர் வேலை. மற்ற நேரம் எதையும் தொடக் கூடாது.

கடைசி நாற்பத்தொரு பயணங்களில் ஏழுமலை ஒருமுறைகூட எதையும் தொட்டதில்லை என்றான் இளங்கோ. தொட்டால் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும், மறைக்க முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அன்றைக்கு டிரைவர் சீட்டைக் காலியாக விட்டு மலையேறப் போகிறார்கள். இது நடக்காவிட்டால் மார்ச்சோடு கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கண் சிரிக்கவில்லை.

நான் காரைச் சுற்றி வந்தேன். டிக்கியைத் திறக்கச் சொன்னேன். கொட்டகையில் யாராவது உட்கார்ந்து தூரத்திலிருந்து ஓட்டுகிறார்களா என்று பார்ப்பதற்காக, நான்கு இன்ஜினியர்களையும் வெளியே வந்து நிற்கச் சொன்னேன். இளங்கோ எல்லாவற்றுக்கும் சம்மதித்தான்.

8.40க்குக் கிளம்பினோம். முன்னால் ஏழுமலையும் இளங்கோவும், பின்னால் நான். ஏழுமலையின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கால்களை மடக்கி வைத்திருந்தார். கைகள் தொடை மேல். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. முதல் கொண்டை ஊசி வளைவில் முன் சீட்டை எட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கார் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து, ஓரத்தை விட்டுப் பிசகாமல் திரும்பியது. எங்கள் ஊரில் பல பேருக்கு இப்படித் திருப்பத் தெரியாது. மனதாரச் சொல்கிறேன், நன்றாகவே ஓட்டியது.

மூன்றாவது வளைவுக்கு மேலே ஒரு மினி பஸ் ஓரமாக நின்றிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது, ஆனால் உள்ளே ஆட்கள் நிறைய. பழுது போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் பால் கேன் கட்டிய ஒரு பைக், அதுவும் ஓரமாக. அதற்கு மேலே ஒரு பெண், பத்துப் பன்னிரண்டு ஆடுகளைச் சரிவில் ஏற்றிவிட்டு, குறுக்கே கோலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன். கார் மீட்டர்படி 34 கிலோமீட்டர். ஜமுனாமரத்தூருக்குள் நுழையும்போது 9.52. இத்தனை தூரத்தில் எதிரே நகர்ந்து வந்த வண்டி ஒன்றுகூட இல்லை. எதிரில் வந்த எல்லாமே நின்றுகொண்டிருந்தன.

இளங்கோ வீடியோ எடுக்க அங்கிருந்த படகு ஏரிப் பக்கம் போனான். நான் பஸ் நிறுத்தத்துக் கடையில் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அந்த மினி பஸ் கீழே போய்த் திரும்பி வர வேண்டும், அதன் கண்டக்டரைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு டீ ஆனது. 11.30க்கு வந்தது.

வண்டி ரிப்பேரா என்று கேட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ரிப்பேரு இல்லக்கா. கேமரா வண்டி வருதுன்னு ஏழுமல குரூப்ல வாய்ஸ் போட்டுடுவாரு. உடனே எல்லாரும் ஓரங்கட்டிடுவோம். ரெண்டு மாசமா இப்டித்தான்."

மலையில் ஓடும் மினி பஸ், பால் வண்டி, பிக்கப் டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு அது. அவர்கள் வழியாக, சாலையோரம் நிலம் உள்ளவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் செய்தி போய்விடும். சிக்னல் இல்லாத இடத்தில் முன்னால் போகிற வண்டிக்காரர் குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

என் முதல் சந்தேகம் இளங்கோ மேல்தான். அவன் சொல்லித்தான் இது நடக்கிறது என்று நிச்சயமாக நினைத்தேன். காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஏழுமலையிடம் நேராகப் போய், சார் சொல்லித்தானே செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மறுத்தார். சாருக்குத் தெரியாது என்றார். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார்.

நவம்பரில், பனி இறங்கிய ஒரு காலையில், தலையில் புல் கட்டு சுமந்து ஒரு பெண் சாலையோரம் நடந்து போயிருக்கிறாள். கட்டு இடுப்பு வரை மறைத்திருந்தது. காருக்கு அவள் ஒரு புதராகத் தெரிந்தாளோ என்னவோ, வேகம் குறையவில்லை. ஏழுமலைதான் பிரேக்கை மிதித்தார். அவளுக்கும் காருக்கும் இடையில் ஒரு கை அகலம் இருந்தது என்று கையை விரித்துக் காட்டினார். இளங்கோவிடம் சொல்லியிருக்கிறார்; பத்து நாளில், சரிசெய்துவிட்டோம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். சரியானதா என்று எப்படித் தெரியும்? இன்னொரு ஆளை எதிரே விட்டுத்தானே பார்க்க வேண்டும்? ஏழுமலைக்கு அதில் இஷ்டமில்லை. அந்தச் சாலையில் நடப்பது முழுக்க அவருடைய சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள். இரண்டு மகள்கள் படிக்கிறார்கள், இந்த வேலையும் போகக் கூடாது.

"கைய வெக்கக் கூடாதுன்னாரு, வெக்கல. போன் பண்ணக் கூடாதுன்னு அவுரு சொல்லலியே."

செவ்வாய்க்கிழமை சீட்டில் யாரும் இருக்க மாட்டார்களே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றார். அன்றைக்கும் எல்லோரும் நின்று கொடுப்பார்கள், சரி. பணம் வந்து, பத்து கார் வந்து, இரவும் பகலும் ஓட ஆரம்பித்தால் யார் யாருக்குப் போன் செய்வது?

நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன்.

ஏழுமலை சொல்லி முடித்ததும் இளங்கோ கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எத்தனை பயணம் என்று மட்டும் கேட்டான். நாற்பத்தொன்றும் என்றார் ஏழுமலை. இளங்கோ படகுத்துறைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு யாருக்கும் சொல்லாமல் இப்போதே கீழே இறங்கலாம் என்றான். ஏழுமலை தன் போனை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

1.20க்குக் கிளம்பினோம். அடுத்த இரண்டரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. இரண்டாவது வளைவிலேயே எதிரே பஸ் வந்தது. கார் நடுச்சாலையில் நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. பஸ் டிரைவர் தலையை நீட்டி, சாலை உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டார். ஏழுமலை ஸ்டியரிங்கைப் பிடித்துப் பின்னால் எடுத்தார். முதல் தொடுதல் அது. பதிவானது.

அதற்குக் கீழே ஒரு பெண் சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார். வண்டிகள் ஏறிப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும், அதற்காகத்தான் பரப்புவார்கள். நம் கார் அதன் முன்னால் நின்றது. நான்கு நிமிடம் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் முறத்தோடு ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா ஏழுமல, ஏறிப் போறதுக்குத்தான போட்டுக்கினு கீறேன். வர்றேன்னு சொல்லியிருந்தா வாரி வெச்சிருப்பேன் இல்ல?"

இளங்கோ அவரைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழுமலை மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அடிவாரத்துக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது அது நடந்தது. பனி இல்லை, நல்ல வெயில். வயதான ஒருவர் புல் கட்டோடு எங்களுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தார். கார் அவரை நோக்கிப் போனது. வேகம் குறையும் என்று நான் நினைத்தேன். இளங்கோவும் நினைத்திருப்பான், அவன் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. ஏழுமலையின் கால் இறங்கியது. என் நெற்றி முன் சீட்டில் மோதியது. அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு, நாங்கள் வழி கேட்கத்தான் நிறுத்தினோம் என்று நினைத்து, போளூருக்கு நேராகப் போங்கள் என்று கையைக் காட்டினார்.

பத்து நாளில் சரிசெய்ததாகச் சொன்னது சரியாகவே இல்லை. போன் செய்து ஆட்களை ஒதுக்கியதால், அது சரியாகவில்லை என்பதும் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு கொட்டகை வரை ஏழுமலையே ஓட்டினார். 3.55க்குச் சேர்ந்தோம். ஏழுமலையே ஓட்டத் தொடங்குவதற்குள் ஒன்பது முறை தொட வேண்டியிருந்தது.

கொட்டகை வாசலில் நின்றே இளங்கோ சென்னைக்குப் போன் செய்தான். செவ்வாய்க்கிழமை காலி சீட்டில் ஓட்ட முடியாது என்றும், நாற்பத்தொரு பயணக் கணக்கு தவறு என்றும் சொன்னான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. சரிங்க, சரிங்க என்று நான்கு தடவை சொல்லிவிட்டு வைத்தான். ஏழுமலை சாவியை மேஜையில் வைத்தார். இளங்கோ அதை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இளங்கோவிடம் ஒன்றைக் கேட்டேன். நாற்பத்தொரு பயணத்திலும் எதிரே ஒரு வண்டிகூட நகரவில்லை. எல்லாம் நிற்கும் வண்டியாகவே உன் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்குமே, ஒருநாளும் கண்ணில் படவில்லையா?

"பார்த்தேன் அக்கா. மலையில வண்டி கம்மின்னு நெனச்சிட்டேன்."

நான் எழுதும் இன்றுவரை கம்பெனி மூடவில்லை. இரண்டு இன்ஜினியர்கள் போய்விட்டார்கள். சென்னைக்காரர்கள் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஏழுமலை வேலையில் இருக்கிறார், இப்போது குழுவில் வாய்ஸ் போடுவதில்லை.

இனி, போகிறவர்களுக்கு. போளூரிலிருந்து சொந்த வண்டியில் போனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். வளைவுதோறும் ஹாரன் அடியுங்கள், ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். சாலையில் கொள்ளு கிடந்தால் மெதுவாக ஏறிப் போங்கள், அவர்களுக்கு அது உதவி. புல் கட்டு நடந்து போவதைப் பார்த்தால், அதற்குள் ஒரு ஆள் இருக்கிறார். புது வண்டி எதையாவது யாராவது காட்டி, தானே ஓடுகிறது பாருங்கள் என்றால், வண்டிக்குள்ளே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளியே யார் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இதை வெளியிடுவதற்கு முன் இளங்கோவுக்கு அனுப்பினேன். பெயர்களை மாற்றச் சொன்னான், மாற்றிவிட்டேன். மலையில் வண்டி குறைவு என்று நினைத்ததாக அவன் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டான். எடுக்கவில்லை. இதோ, இங்கே இருக்கிறது.